மாமாவின் கீபோர்ட் பெட்டியும் என் மெத்தையும்

எங்கள் சொந்தக்காரர் வீட்டில் எந்த விசேஷமானாலும், பந்தி முடிந்து எல்லாரும் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் முதலில் உருளுவது என் தலைதான். "இவதானே மாமாவோட கீபோர்டுல பசைய ஊத்துனவ" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். இப்போது எனக்கே இரண்டு பிள்ளைகள். அவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்கள். அந்தப் பசைக் கதை பச்சைப் பொய்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கண்டியில் ஒரு மலைச்சரிவில் வாடகை வீடு. அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். எந்த வேலையிலும் கால் தரிக்காத அவரை, கல்யாண வீடுகளில் கச்சேரி செய்யும் ஒரு பாட்டுக் குழு கீபோர்ட் வாசிக்கச் சேர்த்துக்கொண்டது. கீபோர்ட் குழுத் தலைவருடையது. அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் வேன் குலுங்குகிற குலுக்கலுக்கு, வாசிக்கிறவரே ஒரு நல்ல பெட்டி தேடிக்கொள்ள வேண்டும் என்பது அவர் சட்டம். கீபோர்ட் பழுதானால் ஆளை மாற்றிவிடுவேன் என்றும் முதல் நாளே சொல்லிவிட்டார்.

மாமா பிலிமத்தலாவையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து கறுப்புப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெளியே நல்ல கம்பீரம். உள்ளே ஒட்டியிருந்த ஸ்பொஞ்ச் மட்டும் உக்கிப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. "வேற ஸ்பொஞ்ச் போட்டாத்தான் சரி அக்கா" என்று சொல்லியபடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அவர் கண் என் மெத்தையில் போய் நின்றது.

"ஓரத்துல கொஞ்சந்தான் வெட்டுவேன் கண்ணு" என்றார். பாண் வெட்டும் கத்தி கால்மாட்டில் ஆரம்பித்து இடுப்புவரை ஏறியது. மிஞ்சியதில் ஒரு பூனை படுக்கலாம். நான் அழுத அழுகைக்கு, "சனிக்கிழம வத்தேகம கல்யாணத்துக்கு ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன். மேடையில எம்பக்கத்துலயே உக்காரலாம்" என்றார். மேடை என்றதும் வாயை மூடிக்கொண்டேன். கீபோர்ட் மெத்தைக்குப் போனது, நான் பாய்க்கு வந்தேன்.

பசை, செருப்புத் தைக்கிறவர்கள் பாவிக்கிற மஞ்சள் பசை. இரண்டு பக்கமும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். கடைக்காரர் இதைச் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். அடிப்பாகத்தை மாமா ஒழுங்காகத்தான் ஒட்டினார். மூடிக்கு வந்தபோது பொறுமை போய்விட்டது. கீபோர்டை உள்ளே வைத்தார், அதன்மேல் ஸ்பொஞ்சைப் பரப்பினார், பசையைத் தாராளமாக ஊற்றித் தடவினார், மூடியை அடைத்து மேலே ஏறி உட்கார்ந்தார்.

"காயலையே மாமா" என்றேன்.

"பாரம் வச்சா தானா ஒட்டும். நீ சும்மா இரு."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது அவருக்காகவே சொன்னது.

மறுநாள் சனிக்கிழமை. மாஸ்டர் வேனோடு வந்து பெட்டியைத் திறந்தார். வழிந்த பசை கட்டைகளுக்கு இடையில் இறங்கி இறுகியிருந்தது. மின்சாரம் கொடுத்து ஒரு கட்டையை அமுக்கினார். அமுங்கியது எழும்பவில்லை. ஒரே சுரம் கூவென்று நிற்காமல் கத்தியது.

"யாரு பாத்த வேல இது?"

மாமா என்னைக் காட்டினார். "சின்னவ, மாஸ்டர். நான் குளிக்கப் போன நேரம் வெளயாட்டா பசைய ஊத்தி மூடிட்டா."

பொய் சொன்னால் வாயில் மிளகாயைத் தேய்ப்பேன் என்று எந்நாளும் மிரட்டுகிற அம்மா அங்கேதான் நின்றார். "நான் இல்லம்மா!" என்று கத்தினேன். அம்மா என் இரண்டு கைகளையும் இழுத்துத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. மாமாவின் நகங்களில் மஞ்சள் பசை அப்பிக் கிடந்தது. அதையும் பார்த்தார். அப்பாடா, தப்பித்தேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் முதுகில் அடி விழுந்தது, ஒன்றல்ல, இரண்டு.

"கையக் கால வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா நீ?"

மாஸ்டரே பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "விடுங்க தங்கச்சி, சின்னப் புள்ளதானே. பேராதனையில நமக்குத் தெரிஞ்சவர்ட்ட இன்னைக்கு மட்டும் ஒன்னு வாங்கிக்கலாம்." மாமா வேனில் ஏறிப் போனார். என்னை ஏற்றவில்லை. குழப்படிக்காரப் பிள்ளையை யார் மேடையில் உட்கார வைப்பார்கள்?

பார்க்காமல் அடித்திருந்தால் அந்தக் கோபம் எப்போதோ ஆறியிருக்கும். கைகளைப் பார்த்துவிட்டும் அம்மா ஏன் அடித்தார் என்பதுதான் அன்று எனக்கு விளங்கவில்லை. வளர்ந்த பிறகுதான் விளங்கியது. பிழை மாமாவுடையது என்றால் அவர் வேலை போகும், என்னுடையது என்றால் இரண்டு அடியோடு முடியும் என்பதை அம்மா அந்த ஒரு நொடியில் யோசித்திருக்கிறார். யோசித்தது சரிதான். மாமா அந்தக் குழுவிலேயே நிலைத்து, கல்யாணம் கட்டிப் பிள்ளைகுட்டியோடு நன்றாக இருக்கிறார். ஆனால் அன்றைக்கு யாராவது ஒருவர் என் காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த இரண்டு அடியையும் நானே கேட்டு வாங்கியிருப்பேன்.