கிணற்றின் மேல் ஒரு சந்தேகம்

லேபரட்டரிக்காரன் ரிசல்ட் சொன்னால் ஜனங்கள் பயபக்தியோடு கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆரம்பாக்கத்தில் தனம்மாள் என்று ஓர் அம்மாள் சிரித்தேவிட்டார்!

விஷயம் இதுதான். அவருடைய கணவர் கோவிந்தசாமி சொந்த நிலத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்தவர். முதலில் விரல்களில் பலம் போனது. பிறகு கை சூம்பியது. இப்போது கயிற்றுக் கட்டிலோடு சரி. தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற வியாதி. ஏன் சாகின்றன? யாருக்கும் தெரியாது. அதைத் தேடத்தான் மெட்ராஸில் எங்கள் லேப்.

எங்கள் சந்தேகப் பட்டியலில் ஈயமும் உண்டு. ஆகவே வெளி ஈயம் துளிகூட ஒட்டியிராதபடி ஆசிட்டில் அலசிய பாட்டில் ஒன்றைக் கொடுத்தனுப்பி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கேட்டோம். வந்தது. பார்த்தோம். ஈயம் இல்லை. ரயிலேறிப் போய், "தண்ணீர் சுத்தம்" என்றேன்.

அப்போதுதான் தனம்மாள் சிரித்தார். "அது நல்ல தண்ணிதான் சார். கோயில் கெணத்துல மொண்டாந்ததாச்சே!"

"உங்க வீட்டுத் தண்ணியைத்தானே கேட்டோம்?"

"எங்க ஊட்டுத் தண்ணி உப்புக் கரிக்கும் சார். டாக்டருங்க பாக்கப் போறாங்கோ... அதப் போயி குடுப்பாங்களா? பாட்டில்ல வேற இன்னாவோ வாடை. சாம்பல் போட்டுத் தேச்சிட்டுதான் புடிச்சேன்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால், யாரைக் கோபித்துக்கொள்வது? கேட்டவர்களுக்கு உப்புத் தண்ணீர் கொடுத்துப் பழக்கமில்லாத வீடு!

சட்டென்று அவர் முகம் மாறியது. "அப்போ எங்க கெணத்துமேலதான் சந்தேகமா சார்? புள்ளைங்க அதத்தான குடிக்குதுங்க..."

கட்டிலிலிருந்து கோவிந்தசாமி குழறலாகச் சொன்னார்: "நான் வெட்டுன கெணறு சார் அது."

நானே வாளி போட்டு இறைத்து, புது பாட்டிலில் பிடித்துவந்தேன். ரிசல்ட் வரும்வரை பிள்ளைகளுக்குக் கோயில் கிணற்றுத் தண்ணீரையே சுமந்திருக்கிறார் தனம்மாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன்.

"உப்பு இருக்கு. ஈயம் இல்லை. பிள்ளைங்க தாராளமா குடிக்கலாம்."

"அப்போ இவருக்கு எதனால சார் வந்துது?"

"தெரியலைம்மா."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கோவிந்தசாமிதான் பேசினார். "என் கெணத்தால இல்லன்னு சொன்னீங்களே... அது போதும் சார்."

கும்பிட அவருக்குக் கை எழவில்லை. தனம்மாள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கும்பிட்டார்.

எது காரணம் என்று சொல்லத் தெரியாதவனுக்கு, எது காரணமில்லை என்று சொன்னதற்கே இவ்வளவு பெரிய கும்பிடு!