தாத்தா கப்பலேறிய விதம்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா தாத்தாவைக் கப்பலேற்றிவிடுவார். வந்தவர் காபியைக் குடித்து முடிப்பதற்குள் தாத்தா பினாங்கில் இறங்கியிருப்பார்.

தாத்தாவின் சொந்த ஊர் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இருபது வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர், அங்கேயே கல்யாணம் செய்து, அரிசிக்கடை வைத்து, அங்கேயே காலமானார். அப்பா பிறந்ததும் அங்கேதான், நான் பிறந்ததும் அங்கேதான். எனக்கு ஆறு வயதானபோது வியாபாரம் படுத்துவிட, அப்பா எங்களை மதுரைக்கு அழைத்துவந்து வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு பிடித்தார். கிராமத்தில் நமக்கு யாரும் மிச்சமில்லை என்று தாத்தா சொல்லியிருந்ததால் அந்தப் பக்கம் நாங்கள் எட்டிப் பார்த்ததில்லை.

அப்பாவின் கதையில் ஊரே தாத்தாவைத் தடுக்கும். தாத்தா தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, "கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாத்துட்டுத்தான் மறுவேலை" என்று கிளம்பிவிடுவார். எனக்குப் பதினைந்து வயதானபோது கதைக்குள் ஒரு புயல் வந்து சேர்ந்தது. அடுத்த வருஷம் தாத்தா கப்பல் கேப்டனுக்கே தைரியம் சொன்னார்.

எனக்குப் பத்தொன்பது வயதில் ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளை ரயில்வேயில் குமாஸ்தா. கூடவே அவருடைய அம்மா, அப்பா, எழுபதை நெருங்கிய தாத்தா. அந்தப் பெரியவருக்கும் கொட்டாம்பட்டிப் பக்கம்தான் என்று தரகர் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது போதாதா? அவர்கள் உட்கார்ந்ததுமே கப்பலைக் கிளப்பிவிட்டார். உள்ளறையில் சித்தி எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். புயல் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பெரியவர் குறுக்கிட்டார்.

"அந்தப் பொட்டி இப்பவும் இருக்கா?"

"இருக்குங்கய்யா. மக துணிமணி வச்சிருக்கா."

"பச்சப் பெயிண்டா?"

"ஆமா..."

"மூடிக்கு உள்பக்கம் ஆணியால ஒரு மாடு கீறியிருக்குமே? வாலு இருக்காது."

 உள்ளறையில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த உருவத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். இத்தனை வருஷமும் அதைப் பன்றி என்றே நினைத்திருந்தேன். சித்தி என் சடையைப் பிடித்து இழுக்க இழுக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். மாப்பிள்ளை என்னை முதன்முதலில் பார்த்த கோலம் அதுதான்: பாதி வைத்த பூ, இடுப்பில் தகரப் பெட்டி, வழிநெடுகச் சிதறிய தாவணிகள்.

"இது மாடா? பன்னின்னுல்ல நெனச்சேன்!" என்றேன். புகுந்த வீட்டாரிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"மாடுதான் ஆத்தா. வாலு போடுறதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சு" என்றார் பெரியவர். பிறகு பெட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இது எம் பொட்டி. பினாங்குக்குப் போக வேண்டியவனே நாந்தேன்."

நடந்தது இது. பினாங்கில் அரிசிக்கடையில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் பெரியவரைத்தான் வரச்சொல்லி டிக்கெட் அனுப்பியிருந்தார். என் தாத்தா வழியனுப்பப் போன சிநேகிதர், அவ்வளவுதான். கப்பல் கரையிலிருந்து தள்ளி நின்றதால் இருவரும் படகில் போனார்கள். இருவரும் கப்பலில் ஏற, தாத்தா பெட்டியைச் சுமந்து மேலே வைத்தார்.

"சோத்து மூட்டையப் படகுலயே விட்டுட்டேன். எடுக்க எறங்குனேன். வந்துச்சு பாருங்க ஒரு அலை, படகு அம்புட்டுத் தூரம் தள்ளிப் போயிருச்சு. படகுக்காரன் திருப்ப மாட்டேன்னுட்டான். கப்பல் சங்கு ஊதிருச்சு. மேல நின்னு உங்கப்பன் கத்துறான், 'மாப்ள, நான் எறங்கணும்டா!' நான் கீழருந்து கத்துறேன், 'மச்சான், நான் ஏறணும்டா!'"

"நீங்களா மனசு வந்து விட்டுக்குடுத்ததாத்தானே தாத்தா இம்புட்டு நாளும் சொன்னீங்க?" என்று மாப்பிள்ளை எழுந்தே விட்டார்.

"சும்மா இருடா. புளிச்சோத்தத் தின்னுக்கிட்டே கரைக்கு வந்து சேந்தேன். பினாங்குல இவரு அப்பன், பொட்டிக்குள்ள இருந்த எம் டிக்கெட்டோட, எம் பேரக் கூப்பிட்டதும் 'நாந்தேன்'னு எறங்கிருக்கான். ஒரு வருசங் கழிச்சுக் காயிதம் வந்துச்சு. ஒத்த வரிதேன். 'உன் பேர்ல சௌக்கியமா இருக்கேன்.' நானும் எழுதிப்போட்டேன், 'அப்படியே இருந்துக்க.'"

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப... என் பேருக்கு முன்னால போடுற எழுத்து?"

"எம் எழுத்துதேன் மருமகனே. பரவால்ல, வச்சுக்கங்க."

சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று அம்மா பதறி ஓடிவந்தாள். பார்த்தால் சிரிப்பு! மூச்சு முட்ட, வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அந்த 'எறங்கணும்டா'வ இன்னொரு தடவை சொல்லுங்க மாமா" என்றார். பெரியவர் மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவைக்கு அப்பா கப்பலாக ஊதினார். என்னைப் பாடச் சொல்ல யாருக்கும் ஞாபகமில்லை. பிடித்திருக்கிறதா என்று மாப்பிள்ளையைக் கேட்கவும் மறந்துபோனார்கள். போகும்போது அவரே என்னைப் பார்த்து, "எனக்கும் அது பன்னி மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தை மாதம் கல்யாணம். புகுந்த வீட்டுக்குப் போன மறுநாள் காலை பெரியவருக்கு இட்லி வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஆத்தா, உனக்கு மட்டும் சொல்றேன். அன்னைக்கு அலையே அடிக்கல. கடலு கம்மாத் தண்ணி மாதிரி அசையாமக் கெடந்துச்சு. எனக்குத்தேன் கப்பலப் பாத்ததும் வயித்தக் கலக்கிருச்சு. நானேதேன் படகுக்காரனத் தள்ளச் சொன்னேன். உங்கப்பன்கிட்டச் சொல்லிராத."

வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "என்னாச்சு?" என்று பதறினார். அவரிடம் சொல்லக் கூடாது என்று பெரியவர் சொல்லவில்லையே! சொன்னேன். வாயில் பல்பொடியோடு அவர் சிரிக்க, அது என் புதுப்புடவையெல்லாம் தெறிக்க, இரண்டு பேரும் துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டாமல் நின்றோம். "காலங்காத்தால என்ன கூத்து இது?" என்று மாமியார் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார். எங்களுக்குச் சிரிப்பு நின்றபாடில்லை.