ஜேபஸ் வின்லோவின் இடது காலணி

அமெரிக்காவின் சேலம் துறைமுகத்தில் ஜேபஸ் வின்லோவைப் போல வாயை இறுக்கி மூடியவர் யாருமில்லை. மீன் குடல் உருவும் வேலையில் தொடங்கி, கப்பலேறி, மிளகு கொண்டுவந்தே கப்பல் முதலாளி ஆனவர். அந்த மிளகு எந்தக் கரையில் விளைகிறது என்பதை எந்த முதலாளியும் வெளியே சொல்லமாட்டார். மாலுமிகள் பைபிள்மேல் சத்தியம் செய்த பிறகே பாய் விரிப்பார்கள். ஜேபஸ் தன் மனைவி ஹெப்சிபாவிடம்கூடச் சொன்னதில்லை.

அவர்களுடைய ஒரே மகன் ஆமோஸ் செலுத்திப்போன கப்பல் இரண்டு குளிர்காலம் கழிந்தும் திரும்பவில்லை.

"பிள்ளைய எங்க அனுப்புனீங்கன்னு சொல்லுங்க," என்றாள் ஹெப்சிபா. "துறைமுகத்துல மாலுமி ஒபதயாவோட கப்பல் சும்மாதானே நிக்குது, போய்த் தேடட்டும்."

"அவன்கிட்டயா? நாளைக்கே ஊரே அங்க போய் நிக்கும். அப்புறம் என் பொழைப்பு?"

"பிள்ளையே இல்லையாம், பொழைப்பாம்!"

மறுநாள் காலை இடது காலணிக்குள் கால் விட்ட ஜேபஸ் அலறினார். உள்ளே ஒரு பச்சைக் கொத்து.

"என்னங்க இது, பாசிமணி மாதிரி?"

காய்ந்து கறுத்த மிளகைத் தவிர வேறெதையும் ஹெப்சிபா கண்டதில்லை. ஜேபஸ் கண்டிருக்கிறார். கொடியிலிருந்து அப்போதுதான் பறித்த மிளகு. அந்தக் கொடிக்கும் இவர் வீட்டுக்கும் நடுவே பல மாதக் கடல். வெளியே முழங்காலளவு பனி. காலணியோ ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

கொத்தை அடுப்பில் எறிந்தார். வீடே தும்மியது. காலணியைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அப்படியும் தினமும் காலையில் அதன் அடிப்பகுதியில் வெள்ளை மணல், உள்ளே கொத்து. நாளாக நாளாகக் கொத்து சிறுத்தது. ஒரு காலை, ஒரே ஒரு மணி, அதுவும் வாடியது.

ஒற்றைக் காலணியோடு பனியில் துறைமுகத்துக்கு ஓடினார்.

"என்ன முதலாளி, இன்னொண்ண அடகு வச்சிட்டீங்களா?" என்று ஒபதயா சிரித்தான்.

"சுமத்ரா! மேற்குக் கரை!" என்று எல்லோர் காதிலும் விழக் கத்தினார் ஜேபஸ்.

அடுத்த ஆண்டு ஒபதயா ஆமோசைக் கொண்டுவந்து சேர்த்தான், எலும்பும் தோலுமாக. பாறையில் மோதிக் கப்பல் உடைந்திருந்தது. வீட்டுக்குள் வந்தவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தான்.

"இதேதாம்பா. சாயங்காலமானா அலைக்குள்ளருந்து ஏறி வரும். ஆள் இல்ல, காலணி மட்டும். குடிசை வாசல்ல நிக்கும். கையில கிடைச்சதப் போட்டு அனுப்புவேன். கடைசியில எட்டிப் பறிக்கக்கூடத் தெம்பில்ல."

பிறகு ஊரே சுமத்ராவுக்குக் கப்பல் விட்டது. ஜேபசிடம் ஒரு கப்பல்தான் மிஞ்சியது. அவர் குறைபட்டுக்கொள்ளவில்லை, ஆனால் காலணிகளைக் காலோடு இறுகக் கட்டிக்கொண்டுதான் தூங்கினார்.

அவர் இறந்ததும் காலணிகளோடு அப்படியே சவப்பெட்டியில் கிடத்தினார்கள். மூடும் முன் ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள். இடது கால் வெறுமையாக இருந்தது.

"இப்ப எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

அதைச் சொல்லும் வழக்கம்தான் அவருக்குக் கிடையாதே.