மற்றொரு மகள்

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் வீட்டில் மூன்று விதிகள் இருந்தன. பீரோவின் மேல்தட்டைத் தொடக் கூடாது. சாப்பிடும்போது அக்காவின் பேச்சை எடுக்கக் கூடாது. யாராவது கேட்டால், வீட்டுக்கு நான் ஒரே பெண் என்று சொல்ல வேண்டும். தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு அக்கா போன மறுநாள் அப்பா போட்ட விதிகள் இவை. அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விதி என்றால் அதன்படி நடக்கிற பிள்ளை நான். இப்போது ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்க அது வசதியாகத்தான் இருக்கிறது.

அந்த வருடம் வியட்நாமிலிருந்து பல்கலைக்கழக மாணவர்கள் விருத்தாசலத்துக்கு வந்தார்கள். செராமிக் காலேஜில் ஒரு நாள் பண்பாட்டுப் பரிமாற்றம். காலையில் பொம்மை செய்யும் கம்பெனிகளைப் பார்ப்பது, மதியம் ஆளுக்கொரு வீட்டில் சாப்பாடு, சாயங்காலம் நம் ஊர் உடையில் மேடை நிகழ்ச்சி. எங்கள் வீட்டிலும் ஒருவருக்குச் சாப்பாடு என்று முடிவாகியிருந்ததால், அப்பா சூளை பார்க்கும் கம்பெனிக்கு நானும் போயிருந்தேன்.

அப்பா தப்பை விடுகிற ஆள் இல்லை. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு பொம்மையையும் விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் தேறும். மங்கலாகக் கேட்டால் உள்ளே விரிசல் என்று அந்த இடத்திலேயே உடைத்துப் போடுவார். என் பேச்சையும் அப்படித்தான் சுண்டிப் பார்ப்பார். ஆறே முக்காலை ஏழு மணி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

எங்களுக்கு வந்த பெண்ணின் பெயர் லான். அவள் என் பெயரைக் கேட்கும் முன்பே வயதைக் கேட்டாள். அவர்கள் ஊரிலும் பெரியவரா சின்னவரா என்று தெரியாமல் பேச்சையே தொடங்க முடியாதாம். நான் தங்கை, அவள் அக்கா என்று முடிவானதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவில் வீடு வரும்வரை விடவில்லை. யாரும் அப்படி என் கையைப் பிடித்து நாளாகியிருந்தது.

வாசலில் அவளைப் பார்த்ததும் அம்மா, “இந்தப் புள்ள என்னா இப்புடி எளச்சிக் கெடக்குது, ஆஸ்டல் சோறு போல இருக்குது” என்றாள். எது பிடிக்கும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் சமைத்து வைத்திருந்தாள். லான் இலையின் முன் உட்கார்ந்து, விரல் இடுக்கில் சாம்பார் வழிய, சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். பேச்செல்லாம் அவள் செல்போன் வழியாக நடந்தது. அவள் சொல்வதை அது வானொலிச் செய்தி மாதிரி தமிழில் வாசித்தது.

“உங்களுக்கு எத்தனை குழந்தைகள் உள்ளனர்?”

நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அம்மா கரண்டியோடு குனிந்து, காது கேட்காதவரிடம் சொல்வதுபோல் செல்போனிடம் உரக்கச் சொன்னாள்.

“ரெண்டு. ரெண்டும் பொண்ணுங்க.”

அப்பாவின் கை சோற்றில் நின்றது. இப்போது திருத்துவார் என்று அவரையே பார்த்தேன். திருத்தவில்லை. செல்போன் அதை லானிடம் சொல்லிவிட்டது. அவள் இரண்டு விரலைக் காட்டித் தலையாட்டிவிட்டு மறுபடி கேட்டாள்.

“மற்றொரு மகள் எங்கே உள்ளார்?”

நான் கணக்குப் போட்டேன். விதிப்படி ஒன்று. அம்மா சொன்னது இரண்டு. அம்மா பொய் சொல்ல மாட்டாள். அப்படியானால் இரண்டாவது பெண் இன்றைக்கு வந்தவளாகத்தான் இருக்க வேண்டும்.

“நீங்கதான்!” என்று லானைக் காட்டினேன்.

செல்போன் அதை அவள் மொழியில் சொன்னதும் லான் சிரித்து, இடது கையால் அம்மாவின் இடுப்பைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அம்மாவும் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“பச்ச மொளவாய கடிச்சிட்டேன்” என்றாள்.

அம்மா இன்னும் சாப்பிட உட்காரவே இல்லை. அப்பா இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “அந்தப் பொண்ணுக்கு இன்னொரு அப்பளம் வைய்யி” என்றார். கணக்கைச் சரியாகப் போட்ட பெருமையில் நானும் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

மேடைக்குப் புடவை வேண்டும் என்றதும் அம்மா பீரோவின் மேல்தட்டைத் திறந்தாள். கடுகு மஞ்சள் நிறத்தில் அக்காவின் புடவை. மடிப்பு வைத்து, ஊக்கு குத்தி, தலையில் பூ வைத்து லானைத் திருப்பி நிறுத்தினாள். அவள் வாசல் நடைக்கு வந்தபோது அப்பா சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு பொத்தானை விட்டுவிட்டு வெளியே போய் வண்டியருகே நின்றுகொண்டார்.

நிகழ்ச்சி முடிந்து பஸ் கிளம்பும் முன் லான் புடவையை மடித்து அம்மாவிடம் தந்தாள். முந்தானை உள்ளே போய், மடிப்பு கோணலாக இருந்தது. அம்மா பிரித்து மடிக்காமல் அப்படியே நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அதுவரை லானிடம் ஒரு வார்த்தையும் பேசாத அப்பா என்னைத் தொட்டார்.

“வூட்டுக்குப் போய்ச் சேர எவ்ளோ நேரம் ஆவும்னு கேளு.”

இரண்டு விமானம், முழுதாக ஒரு நாள் என்றது செல்போன்.

பஸ் திரும்பும்வரை லான் ஜன்னலில் கையசைத்தாள். “எங்கேருந்தோ வந்து நம்ம வூட்ல சாப்ட்டுட்டுப் போவுது, பாரு” என்றார் அப்பா.

“நெய்வேலிலேருந்து பஸ்ஸுல முக்கா மணி நேரந்தாங்க” என்றாள் அம்மா.

அப்பா வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாப் பைகளிலும் தேடினார்.

“நெய்வேலி இல்லம்மா, வியட்நாம்” என்று நான் திருத்தினேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் முன்னால் நிற்க, அப்பாவின் முதுகுக்கும் அம்மாவுக்கும் நடுவில் அந்த மஞ்சள் புடவை இருக்க, வண்டி வீட்டுக்குத் திரும்பியது. வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். நெய்வேலியில் எங்களுக்கு யாருமே இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.