அவள் நோட்டில் மட்டும் இருந்த ஆறு வரி

எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் மேல் பாய வேண்டாம். நான் படித்தது கணக்கு. திண்டிவனத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுக்கத்தான் விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறினேன். ஒரு வருடம், மூன்றாம் ஆண்டு கணக்கு மாணவிகளுக்கு அறிமுகக் கோடிங் என்று ஒரு பாடம் வந்து சேர்ந்தது. எடுக்க ஆள் இல்லை. துறைத் தலைவர் ஸ்டாஃப் ரூமை ஒரு சுற்று பார்த்தார். எல்லாரும் சட்டென்று டிபன் பாக்ஸைத் திறந்து குனிந்துகொண்டார்கள். நான் அன்றைக்கென்று பார்த்து டிபன் பாக்ஸை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தேன். பாடம் என் தலையில் விழுந்தது.

“கவலைப்படாதீங்க மேடம், எல்லாம் ரெடிமேடா வருது” என்றார்.

உண்மைதான், வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தால் பத்துப் பயிற்சிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி, பாதி எழுதிய புரோகிராம், அதன் நடுவே ‘உங்கள் வரிகளை இங்கே எழுதவும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு, கீழே சரிபார்க்க ஒரு பட்டன். விடை சரியென்றால் பச்சை டிக். திருத்துகிற வேலையும் அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபேன் போடுவது, “பேசாதீங்க” என்பது, நோட்டில் கையெழுத்துப் போடுவது, இவ்வளவுதான் எனக்கு. மகாராணி வேலை. முதல் வாரமே வகுப்பு முழுக்கப் பச்சை டிக். விடைகள் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுவது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்தேன். நான் அதட்டப் போய், பதிலுக்கு அவர்கள் ஏதாவது சந்தேகம் கேட்டுவிட்டால் பேஜாரு.

புரோகிராம் எப்படிப் போனாலும் ரெக்கார்டு நோட்டு எழுதியாக வேண்டும். வலது பக்கம் நோக்கம், செய்முறை, புரோகிராம். இடது பக்கத்து வெள்ளைத் தாளில் பென்சிலால் விடை. கடைசியில் ‘புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டது’ என்று ஒரு வரி, அதன் கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து. அது இல்லாதவள் செய்முறைத் தேர்வு எழுத முடியாது.

“ஸ்கிரீன்ல என்ன இருக்குதோ அப்படியே எழுதுங்க. ஒரு புள்ளி மாறக் கூடாது” என்று சொல்லி வைத்தேன்.

மாறவில்லை. பயிற்சியைத் திறந்ததும் கண்ணில் பட்டதை, விடையைக் கொண்டுவந்து ஒட்டுவதற்கு முன்பே, நோட்டில் இறக்கிவிட்டார்கள். பாதிப் புரோகிராம், ‘உங்கள் வரிகளை இங்கே எழுதவும்’, அதன் கீழே ஒன்றுமே இல்லை, உடனே ‘வெற்றிகரமாக இயக்கப்பட்டது’. நாற்பது நோட்டிலும் இதே கதை. சிலர் அந்தக் குறிப்பைக் கலர் பேனாவில் எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தார்கள். நான் எலுமிச்சை சாதத்துக்கும் பேனாவுக்கும் நடுவில் நாற்பதிலும் கையெழுத்துப் போட்டு முடித்தேன்.

நாற்பத்தொன்றாவது நோட்டு திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு பெண்ணுடையது. வாய் திறந்து பேசவே மாட்டாள். அவள் நோட்டில் மட்டும் அந்தக் குறிப்புக்குக் கீழே ஆறு வரி இருந்தது. வெப்பநிலையைக் கேட்டுக்கொண்டு, குளிராக இருந்தால் ‘கோட்டு போடு’ என்று சொல்ல வேண்டிய பயிற்சி அது. எழுதினவன் எந்தப் பனி தேசத்தில் உட்கார்ந்திருந்தானோ. இவள் அதைச் செய்து, கூடவே நாற்பது டிகிரிக்கு மேல் போனால் ‘மோர் குடி’ என்றும் சொல்ல வைத்திருந்தாள்.

“எல்லார் நோட்டுலயும் இல்லாத மோர் உன் நோட்டுல மட்டும் எங்கேர்ந்து வந்துது?”

“நம்ம ஊருக்குக் கோட்டு எதுக்குன்னு நானே சேத்துக்கினேன் மேடம். நல்லா ஓடுது. காட்டட்டுங்களா?”

காட்டினால் எனக்குப் புரிய வேண்டுமே. சுர்ரென்று கோபம் வந்தது. தெரியாதவளுக்கு வருகிற கோபம் ரொம்பப் பொல்லாதது.

“ஒண்ணும் காட்ட வேணாம். எல்லாரும் எழுதின மாதிரி புது நோட்டுல எழுதிக்கினு வா. அப்பதான் கையெழுத்து.”

“பத்தும் திரும்ப எழுதணுங்களா மேடம்? நாளன்னிக்கு எக்ஸாம்.” கொஞ்சம் நின்றாள். “எங்க ஊர் ஸ்கூல்ல கணக்கு டீச்சரா எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. இதுல அரியர் வந்தா எடுக்க மாட்டாங்க மேடம்.”

“அதனாலதான் சொல்றேன். ஜல்தியா எழுதிக்கினு வா.”

மறுநாள் கொண்டுவந்தாள். ஆறு வரியும் இல்லை, மோரும் இல்லை. கண் மட்டும் வீங்கியிருந்தது. நான் தாராளமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தேர்வு நடத்த வந்தவர் கடலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர், நிதானமான மனிதர். ஒரு நோட்டைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார். ஐந்தாவது நோட்டில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“மேடம், ‘இங்கே எழுதவும்’னு இருக்கு. எழுதினது எங்க?”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வரியை அப்போதுதான் முதல் தடவையாக அர்த்தத்தோடு படித்தேன். 

“இது புது மெத்தடு சார்” என்று அளந்தேன். “புரோகிராம் கம்ப்யூட்டர்ல இருக்கும். நோட்டுல அவுட்லைன் மட்டும்தான்.”

“வெறும் நோட்டுக்கு நான் மார்க் போட முடியாது மேடம். ரெக்கார்டுல முட்டைன்னா பேப்பரே ஃபெயில்தான். இத்தனை பேர்ல ஒருத்திகூடவா எழுதல?”

லேபில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மோர் எழுதினவள் மட்டும் கீபோர்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்து நின்று என்னைக் கைகாட்டியிருக்கலாம். காட்டவில்லை. பழியைக் கல்லூரிக்கு இந்தப் பயிற்சிகளை விற்ற கம்பெனி மேல் போட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று எனக்கும் ஒரு யோசனை ஓடியது, மறைப்பானேன். நான் நழுவினால் நாற்பது பேரோடு சேர்ந்து அவளும் போவாள், கணக்கு டீச்சர் வேலையும் போகும்.

“ஒருத்தி எழுதியிருந்தா சார். நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

“ஏன்?”

“எனக்குப் புரியல சார்.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்தார். வெப்பநிலைப் பயிற்சியை முதலிலிருந்து சொந்தமாக எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும், காட்டினால் ரெக்கார்டு மார்க், சாயங்காலம் வரைக்கும் நேரம் என்றார். மீந்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார்.

“நீங்களும் உக்காருங்க மேடம்.”

அவமானமாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன். அவள் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டாள். அவர் நாலைந்து எண்களைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். “ஃபுல் மார்க்கும்மா, நீ கெளம்பு” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மற்றவர்கள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என் தாளில் பெயர், துறை, தேதி மூன்றையும் அழகாக எழுதி முடித்திருந்தேன்.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். வாசல் வரைக்கும் போனாள். பிறகு திரும்பி வந்து ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“எங்கேர்ந்து புரியலைங்க மேடம்?” என்று யாருக்கும் கேட்காமல் கேட்டாள்.

அந்த வருடம் முழுக்க நான் அந்த வகுப்பில் ஒருத்தியிடமும் கேட்காத கேள்வி அது.

“மொதல்லேர்ந்தே” என்றேன்.