தீவுக் கதையை நம்பாத மீனா

மீனா போய்விட்டாள். கிளேபாங்கிலிருந்து அவள் மகள் காலையில் வாட்ஸ்அப்பில் சொன்னாள். கிட்னி... கொஞ்ச நாளாகவே ஆஸ்பத்திரியும் வீடுமாகத்தான் இருந்தாள்.

இதைப் படிக்கிற பலருக்கு அவளைத் தெரியாது. மலாக்காவில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். காஜா பெராங்கில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேரூன்றிய செட்டிகள் குடியிருக்கும் கம்பத்துப் பெண்.

பேர் மீனாட்சி. கோயில், பொங்கல் எல்லாம் நம்மைப் போலத்தான்... ஆனால் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் நாலைந்து வார்த்தைதான் வரும். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் மலாயும் இங்கிலீஷும் கலந்து. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவர் ஊரிலிருந்து வந்த ஒரு புது நாவலை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடப் பையன்கள். பெரியவர்கள் யாருமில்லை. முதலில் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள்... போகப் போக ஒருவனை ஒருவன் வேட்டையாடுகிறான்.

வாசித்து முடித்து டீச்சர் புத்தகத்தை மூடினார்.

மீனா கையைத் தூக்கினாள். "மிஸ், இதை எழுதினவர் பெரியவங்க இல்லாத பிள்ளைங்களை நேர்ல பார்த்திருக்காரா?"

"கற்பனைதான். ஆனா மனுஷ சுபாவம் இதுதான்" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ்... யாராவது போய்ப் பார்த்தாங்களா?"

பின் பெஞ்சில் சிரித்தார்கள். மீனா திமிராகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அந்தப் பையன்கள் ஏன் நாகரிகத்தை இழந்தார்கள் என்று கட்டுரை எழுதச் சொன்னார் மிஸ். மேலே படிக்க யாரை அனுப்பலாம் என்று முடிவு செய்யும்போது அந்த மார்க்கையும் பார்ப்பார்கள். நான் அன்றைக்கே எழுதி முடித்துவிட்டேன். மீனா பேனாவைத் தொடவில்லை.

"ஜப்பான்காரன் காலத்துல நம்ம பக்கத்துப் பிள்ளைங்க தனியாத்தானே இருந்தாங்க? அவங்களைக் கேட்டா என்ன?" என்றாள்.

அப்போது நாங்கள் கைக்குழந்தைகள். அப்பாக்களைச் சயாமுக்கு ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போன வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அம்மாக்கள் விடிந்ததும் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் பகல் முழுக்கத் தனியாகக் கிடந்திருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். மொழிபெயர்க்க என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் கேட்டதெல்லாம் நல்ல கதை. பெரிய அக்கா ஒருத்தி மரவள்ளிக்கிழங்கு அவித்து எல்லோருக்கும் பங்கு வைப்பாளாம். லாரி சத்தம் கேட்டால் ஒருவன் விசிலடிப்பானாம், எல்லோரும் ஒளிந்துகொள்வார்களாம்.

மீனாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பார்த்தியா, அந்தப் புத்தகம் பொய் லா." மலாய்க்காரர் மாதிரி எதற்கும் 'லா' போட்டுத்தான் பேசுவாள்.

அப்புறம் ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடையில் இருந்த சின்னப்பன் அண்ணனிடம் போனோம். துணியை மடித்துக்கொண்டே சொன்னார். "நாங்க ஒருத்தன அடிச்சோம்மா. ஆறுமுகம்னு பேரு. கிழங்கத் திருடிட்டான்னு கட்டையால அடிச்சோம். நிறுத்துங்கடான்னு சொல்ல யாருமில்ல."

மீனா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்ன சொன்னார்? சொல்லு."

சொன்னேன். மீனா, "அந்த ஆறுமுகம் செத்துட்டாரான்னு கேளு" என்றாள்.

"ஐயையோ, இல்ல. மறுநா சாப்பிடற நேரத்துக்கு வந்து எங்ககூடவே உக்காந்தான். நாங்களும் கொடுத்தோம். இப்ப பஸ் ஓட்டறான்."

அவ்வளவுதான்... மீனாவை நிறுத்த முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் விசாரித்து விசாரித்து ஆறுமுகம் அண்ணனைக் கண்டுபிடித்தோம். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். காதுக்குப் பக்கத்தில் ஒரு தழும்பு.

"அடிச்சவங்ககிட்டயே போய் ஏண்ணே உக்காந்தீங்க?" தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "வேற எங்க போயி உக்கார்றது தங்கச்சி? எங்கம்மா வர இருட்டிடும்."

"பயமா இல்லையா?"

"இருந்துச்சு. அவனுங்களுக்கும் இருந்துச்சு. ஒருத்தனும் என் மூஞ்சியப் பாக்கல." கோப்பியைக் குடித்து முடித்துவிட்டு பஸ்ஸைக் கிளப்பினார்.

மீனா எல்லாவற்றையும் எழுதினாள். அடித்ததையும் மறைக்கவில்லை. கட்டுரையின் கடைசி வரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது... "அவர் உட்கார முதலில் இடம் விட்டு நகர்ந்தது யார் என்று கேட்க மறந்துவிட்டேன்."

கேள்விக்குப் பதில் இல்லை என்று மிஸ் மார்க்கைக் குறைத்துவிட்டார். மேலே படிக்கப் போனவர்களில் மீனா இல்லை. அந்த ஒரு கட்டுரைதான் காரணமா... எனக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று. மார்க் போட்ட கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது மிஸ் அவளிடம் மெதுவாகக் கேட்டாராம், "அந்த டிரைவர் எந்த ரூட்டில் ஓட்டுகிறார்?"

மிஸ் போய்ப் பார்த்தாரா, தெரியாது. வருஷக் கடைசியில் கப்பலேறிவிட்டார்.

மீனா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம், பிள்ளைகள், பென்ஷன்... நான் சிரம்பானுக்கு வந்த பிறகும் வாரம் தவறாமல் போன் வரும்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். குரல் ரொம்ப மெலிந்திருந்தது. "நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் இந்த வார்டுல யார் யாருக்குத் தண்ணி எடுத்துக் கொடுக்கிறாங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்."

"யாரு கொடுக்கிறாங்க?"

"பொறு லா. ஜன்னலோரத்து அம்மா முழிச்சுட்டாங்க. யார் எழுந்து போறாங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன்."

போனை அணைக்காமலே கீழே வைத்துவிட்டாள். ஒரு கட்டில் கிறீச்சிட்டது. யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தார்கள். அப்புறம் கிளாஸில் தண்ணீர் ஊற்றும் சத்தம்... லைன் போய்விட்டது.

நாளைக்குக் காலை காஜா பெராங் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். நான் கிளம்பிவிட்டேன்.

போய் வா, மீனா.