டிஸ்கெட்டுக்கு வைத்த குங்குமம்

நஃபீசா பொய் சொல்ல மாட்டாள் என்று நினைப்பவர்கள் அவளோடு ஒரு நாள்கூட வேலை பார்த்திருக்க மாட்டார்கள். பஸ் இன்னும் வரவில்லை என்று ஜூரோங் தொழிற்சாலையிலிருந்து யாராவது போனில் கத்தினால், "கிளம்பி ரொம்ப நேரம் ஆச்சு சார், உங்க கேட்டுக்கிட்டதான் இருப்பாரு" என்பாள். அந்த டிரைவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பரோட்டா தின்றுகொண்டிருப்பார். போனை வைத்துவிட்டு அவரை ஒரு பார்வை பார்ப்பாள். பரோட்டா பாதியில் நிற்கும், பஸ் பறக்கும். இப்படி அவள் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை சற்று நேரத்தில் உண்மையாகிவிடும் என்பதால், அவற்றைப் பொய் என்று சொல்வதும் நியாயமில்லை.

கம்பெனி டன்லப் ஸ்திரீட்டில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. உட்லண்ட்ஸிலும் ஈசூனிலும் தொழிலாளர்களை ஏற்றி ஜூரோங்கில் இறக்குவது தொழில். முதலாளிகள் இருவர், மருதப்பனும் சுவிசேஷமுத்துவும். எழுபதுகளில் ஒரே ஒரு ஓட்டை பஸ்ஸை வாங்கி, மழை பெய்தால் ஸ்டார்ட் ஆகாத அதை மாறி மாறித் தள்ளி முன்னுக்கு வந்தவர்கள். யார் பேச்சையும் கேட்காத அந்த பஸ்ஸுக்கு அல்லி என்று பெயர் வைத்திருந்தார்களாம். மருதப்பன் இந்தக் கதையைச் சொன்னால் தள்ளியது எல்லாம் மருதப்பன்தான். சுவிசேஷமுத்து சொன்னால் சுவிசேஷமுத்துதான்.

கம்ப்யூட்டர் வாங்கியது சுவிசேஷமுத்துவின் யோசனை. டைப் அடிக்கத் தெரிந்தவள் என்று நஃபீசாவை அதன்முன் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் அப்புறம் யாருக்கும் அந்த நாற்காலியைக் கொடுக்கவில்லை. எந்த பஸ், எந்த ஷிஃப்ட், எந்த அடுக்குமாடி பிளாக்கின் கீழே யார் யார் நிற்பார்கள் என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போயிற்று. ஹார்ட் டிஸ்க்கை ஈரறை வீடு மாதிரி தடுத்து வைத்திருந்தார் சுவிசேஷமுத்து. முன்னறையில் கம்ப்யூட்டரை எழுப்பி நடத்தும் சிஸ்டம், பின்னறையில் பஸ் விவரம். முன்னறைக்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டுவைத்தார். அவர் ஒருவருக்குத்தான் அது தெரியும். காலையில் வந்து அவர் கையால் அடித்தால்தான் கம்பெனி விழிக்கும். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

மருதப்பன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. பஸ்களுக்கு மாலை, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்குக்குச் சந்தனம் என்று எல்லாம் முடித்துவிட்டு மாடியேறினார். கம்ப்யூட்டருக்குத் திருநீற்றுப் பட்டை போட்டார். பிறகு கம்ப்யூட்டர் விவரங்களை நகலெடுத்து வைக்கும் டிஸ்கெட்டுகளை உறையிலிருந்து உருவி வரிசையாக அடுக்கினார். கறுப்பு அட்டையில் குங்குமம் எடுபடவில்லை. ஆனால் நடுவே முட்டை வடிவத்தில் ஒரு திறப்பு இருந்தது, அதற்குள் பழுப்பாக ஒரு தகடு பளபளத்தது. அதில் பொட்டு எவ்வளவு எடுப்பாக இருக்கும்! கம்ப்யூட்டர் படிப்பதே அந்தத் திறப்பு வழியாகத்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் பக்தியோடு சந்தனத்தைத் தடவி, மேலே குங்குமம் வைத்தார்.

"அய்யய்யோ! யாருடா இந்த வேலை பார்த்தது?" என்று டிரைவர்கள் எல்லார் முன்னாலும் அலறிவிட்டார் சுவிசேஷமுத்து.

"எங்க சாமி கும்பிட்டா உனக்குப் பொறுக்கலையா?" என்றார் மருதப்பன்.

"சாமியைச் சொல்லலடா, ஓட்டையைச் சொல்றேன்!"

"இத்தனை வருசம் கழிச்சு உன் புத்தி தெரியுது பாத்தியா."

அந்த ஒரு சொல்லோடு அத்தனை வருட நட்பும் போயிற்று. மாதா கோயிலுக்கு நேர்ந்துகொண்டு சுவிசேஷமுத்து மொட்டை போட்டபோது கூடவே போய் மொட்டை போட்டுக்கொண்ட மருதப்பன் சொன்ன சொல் அது. சுவிசேஷமுத்து சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு படியிறங்கினார், அப்புறம் ஏறவில்லை. மருதப்பனோ தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். பாஸ்வேர்டு இல்லாமல் மறுநாள் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தபோது, நஃபீசா தன் கைப்பையில் வைத்திருந்த வேறொரு டிஸ்கெட்டைப் போட்டு எழுப்பி, பாஸ்வேர்டு கேட்கும் ஒற்றை வரியை அழித்தாள். அவளுக்கு அது வெங்காயம் உரிக்கிற வேலை; கண்ணில் தண்ணீர்கூட வராது.

ஒரு வருடம் ஓடியது. தன் பஸ் கதைகளைக் கேட்க ஆளில்லாமல் மருதப்பன் அவற்றை நஃபீசாவிடம் சொல்ல ஆரம்பித்தார். அல்லி ஸ்டார்ட் ஆகாத கதையை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள். கதை முடியும் இடத்தில் அவர் பழக்கதோஷத்தில் எதிர் மேசையைப் பார்த்துச் சிரிப்பார். அந்த மேசை காலியாக இருக்கும். சிரிப்பு பாதியில் நின்றுபோவதைப் பார்க்க நஃபீசாவுக்குத் தாளவில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு அவள் முன்ஜாக்கிரதையாக, புதிதாக நகலெடுத்த பேக்கப் டிஸ்கெட்டுகளை மேசை இழுப்பறையின் அடியில் ஒளித்துவிட்டு லீவில் போனாள். மருதப்பன் தேடிப் பிடித்துவிட்டார். "பாவம், இதுங்க விட்டுப்போச்சே" என்று இரண்டு பொட்டாக வைத்தார்.

பூஜை முடிந்து சில நாளில், ஒரு வியாழக்கிழமை காலை, கம்ப்யூட்டர் எழும்பவில்லை. சிஸ்டத்தைக் காணோம் என்று திரையில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. நஃபீசா பேக்கப் டிஸ்கெட்டைப் போட்டாள். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் கேட்டது. பெட்டியிலிருந்து சந்தன வாசனை கம்மென்று வந்தது. அடுத்த டிஸ்கெட்டும் அப்படியே. ஸ்பிரிட்டும் பஞ்சுமாக டிரைவைத் துடைத்தபோது பஞ்சு சிவப்பாக வந்தது.

"ரத்தமா?" என்றார் மருதப்பன் பதறிப்போய்.

"குங்குமம், முதலாளி."

திங்கட்கிழமை எல்லாத் தொழிற்சாலைகளிலும் ஷிஃப்ட் மாறுகிறது. புதுப் பட்டியல் எடுக்காவிட்டால் பாதிப் பேர் பிளாக்கின் கீழே காத்துக்கிடப்பார்கள்.

அலமாரியின் உச்சியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. சண்டைக்கு முன்னால் சுவிசேஷமுத்து எடுத்துவைத்த பழைய பேக்கப். முதல் பூஜையில் அது கண்ணில் படவில்லை; இந்த முறை, மூடியில் அவர் கையெழுத்து இருந்ததால் மருதப்பன் அதை விரலால்கூடத் தொடவில்லை. அதனால் இரண்டு பூஜைக்கும் தப்பிவிட்டது. மனிதனின் வீம்புகூட எங்கேயாவது ஒரு நல்ல காரியம் செய்துவிடுகிறது பாருங்கள்.

நஃபீசா முன்னறையை மட்டும் துடைத்துவிட்டு, பழைய டிஸ்கெட்டுகளை ஒவ்வொன்றாக ஊட்டினாள். பின்னறையை அவள் தொடவே இல்லை. பஸ் விவரம் அங்கே பத்திரமாக இருந்தது. கடைசி டிஸ்கெட்டும் இறங்கியது. கம்ப்யூட்டர் பீப் என்றது. மருதப்பன் கைகூப்பினார். திரையில் எழுத்து வந்தது: பாஸ்வேர்டு?

ஒரு வருடத்துக்கு முந்தைய சிஸ்டம் அல்லவா, அழித்த வரியும் கூடவே உயிர்த்தெழுந்து வந்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் போலிருக்கிறதே என்று மருதப்பன் தலையில் கைவைத்தார்.

நஃபீசாவின் கை தானாகவே, போன வருடம் அந்த வரியை அழிக்க உதவிய டிஸ்கெட்டை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது.

முந்தைய ஞாயிறு தேக்கா மார்க்கெட்டில் சுவிசேஷமுத்துவின் மனைவி பிரிஜட்டைப் பார்த்திருந்தாள். "சனிக்கிழமை பிளைட்டு நஃபீசா. பெர்த்துக்கு மகன் ஜார்ஜ் வீட்டுக்கே போயிடறோம். ஒங்க முதலாளிகிட்ட சொல்லாதே. இவர் சொல்லவும் மாட்டாரு, அவர் கேக்கவும் மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, மீனைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அது நஃபீசாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சனிக்கிழமை போய்விட்டால் அந்த எதிர் மேசை அவ்வளவுதான். இப்போது பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, அதைக் கெடுப்பாளா?

கையை மடியில் வைத்துக்கொண்டாள். "இதை எடுக்க எனக்குத் தெரியலையே முதலாளி" என்றாள்.

மருதப்பன் தாமே களத்தில் இறங்கினார். முருகா என்று அடித்துப் பார்க்கச் சொன்னார். ஜூரோங், பிரிஜட், மாதா, மட்டன், சுவிசேஷமுத்து விரும்பிப் பார்க்கும் குதிரைப் பந்தயத்தில் ஜெயிக்காத குதிரை ஒன்றின் பெயர் எல்லாம் அடித்தாயிற்று. கம்ப்யூட்டர் மசியவில்லை.

"நீ போன் போட்டு அவன்கிட்டக் கேளு. நான் கேட்டேன்னு சொல்லாதே."

நஃபீசா போன் போட்டாள். மறுமுனையில் சுவிசேஷமுத்து நிதானமாகச் சொன்னார். "வேணுங்கிறவன் வந்து கேக்கட்டும். நான் வரச் சொன்னேன்னு நீ சொல்லாதே."

"என்னவாம்?" என்றார் மருதப்பன்.

"நேர்ல வந்தாத்தான் சொல்வாராம்."

"நானா? அவன் வாசல்லயா?" என்று எழுந்தார், உட்கார்ந்தார், ஜன்னல் பக்கம் போனார். கீழே மிளகாய் அரைபடும் நெடியில் இரண்டு தும்மல் போட்டார். வெள்ளிக்கிழமை மதியம்வரை இந்தத் திருவிழா நடந்தது. கடைசியில் வேன் சாவியை எடுத்தார். "ஷிஃப்டுக்காகப் போறேன். வேற ஒண்ணுக்கும் இல்ல லா. நீயும் வா, எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் பாஷை வராது."

ஈசூன் வீட்டுக் கதவைச் சுவிசேஷமுத்துதான் திறந்தார். இருவரும் ஒருவர் சட்டைப் பொத்தானை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருதப்பன் பாஸ்வேர்டைக் கேட்க வாயெடுத்தார். அதற்குள் உள்ளே சுவரோரம் நின்ற பெட்டிகளையும், மாதா படம் கழற்றிய இடத்தில் சுவர் வெளுத்திருந்ததையும் அவர் கண் பார்த்துவிட்டது.

"எங்கடா பயணம்?"

"பெர்த். ஜார்ஜ் வரச் சொல்றான்."

"எப்ப வருவே?"

சுவிசேஷமுத்து திரும்பிப் பெட்டிகளைப் பார்த்தார். மருதப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "சொல்லாமயே போயிருப்பே, இல்ல?"

"ஒரு வருசம் கேக்காமயே இருந்தியே நீ."

மருதப்பன் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு உன் புத்தின்னு ஒரு சொல்லு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது முத்து."

"நான் குங்குமம் வேணாம்னு சொல்லலடா. ஓட்டையில வேணாம்னுதான் சொன்னேன்."

"இந்த வருசமும் ஓட்டையிலதான் வச்சேன்."

சுவிசேஷமுத்துவுக்கு முதலில் வயிறு குலுங்கியது. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருதப்பனும் சிரித்தார், சிரிப்பின் நடுவே துண்டால் கண்ணைத் துடைத்தார். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த பிரிஜட் நஃபீசாவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்று பிற்பகலே மூவரும் டன்லப் ஸ்திரீட்டுக்கு வந்தார்கள். சுவிசேஷமுத்து கம்ப்யூட்டரைப் பார்த்தார். பக்கத்திலேயே நஃபீசாவின் அந்த டிஸ்கெட்டு கிடப்பதைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நஃபீசாவைப் பார்த்தார். நஃபீசா சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய ராகுகாலத்தை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்பச் சிக்கலான கேஸு இது" என்றார் சுவிசேஷமுத்து. "நஃபீசாவால முடிஞ்சிருக்காது. பொழுது சாயற வரைக்கும் நான் இருந்து பாத்தாத்தான் ஆச்சு."

இங்கிலீஷில் நாலு எழுத்து அடித்தார். அல்லி.

"அடச்சீ!" என்றார் மருதப்பன். "அல்லியா! என் வாய்ல வரலையே!"

"எப்படி வரும்? தள்ளினது நான்ல."

அப்புறம் யார் தள்ளியது என்று ஆரம்பித்துவிட்டார்கள். எதிர் மேசையின் தூசியைத் துடைத்து, சுவிசேஷமுத்து அங்கே உட்கார்ந்து, பேக்கப்பைச் சரிபார்க்கிற பெயரில் இரண்டு தேநீரும் ஒரு தட்டு வடையும் சாப்பிட்டார். அவர்கள் வாக்குவாதத்துக்கு நடுவே நஃபீசா ஷிஃப்ட் பட்டியலை அச்சடித்து முடித்தாள்.

சனிக்கிழமை சாங்கி விமான நிலையத்தில் மருதப்பன் எல்லார் முன்னாலும் சுவிசேஷமுத்துவைக் கட்டிக்கொண்டார். பிரிஜட்டின் கையில் ஊறுகாய் ஜாடியைத் திணித்தார். கண்ணாடிக்கு அப்பால் ஆள் மறைந்த பிறகும் கையாட்டுவதை அவர் நிறுத்தவில்லை.

திரும்பும்போது வேனை அவரே ஓட்டினார். பீடோக் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

"போன வருசம் அந்த பாஸ்வேர்டை நீ எடுத்தப்ப, டீ கிளாஸோட உன் பின்னாடிதான் நின்னேன் நஃபீசா. டீ ஆறறதுக்குள்ள எடுத்துட்டே."

நஃபீசாவுக்கு முகம் வெளிறிப்போனது. போனில் ஆயிரம் பேரை ஏய்த்தவள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக இரண்டு நாளாக நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவள்.

"அப்ப ஏன் முதலாளி ஒண்ணும் சொல்லல?"

"நீ தெரியலன்னு சொன்னியா, எனக்கு உசிரே வந்துச்சு. அவன் வீட்டுக்குப் போக ஒரு சாக்கு கிடைக்காதான்னு ஒரு வருசமா நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

நஃபீசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்றுப் பொறுத்து, தொண்டையைச் செருமி, வேலைக்காரக் குரலில் கேட்டாள்.

"திங்கக்கிழமை அந்த பாஸ்வேர்டை எடுத்துடவா?"

"வேணாம் லா, இருக்கட்டும்" என்றார் மருதப்பன். "தினமும் காலையில நானே வந்து அடிக்கிறேன்."